நல்ல தண்ணி குடியுங்கோ, நல்லா நித்திரை கொள்ளுங்கோ, யோசிக்காதேங்கோ: வன்னியில இது எப்பிடி ஏலும்?

படலையடி எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மாங்குளத்துக்கு உள்பக்கம் இருக்கிறன், கிராமத்தின்ர பேர் சொல்லேல்லை, குறை நினைக்காதேங்கோ. போன மாதம் எங்கட பொதுநோக்கு மண்டபத்தில சலமும் ரத்தமும் எடுத்துச் சோதிச்சவை, என்ர மனுசனுக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்பிடி வேலைசெய்யுது எண்டு காட்டுற ரத்த அளவு) 1.6 எண்டு கூடுதலா வந்துது, பிறகு ஆஸ்பத்திரியில திரும்ப எடுத்தும் கிட்டத்தட்ட அதுதான். இவருக்கு 44 வயசு, சீனி இல்லை, பிரசர் இல்லை, ஒரு வருத்தமும் சொன்னதில்லை.

டொக்டர் நல்ல மாதிரித்தான் கதைச்சவர், அவரில நான் பிழை சொல்லேல்லை. நல்ல தண்ணி குடியுங்கோ, உப்பைக் குறையுங்கோ, நல்லாச் சாப்பிடுங்கோ, நேரத்துக்குப் படுங்கோ, கண்டதையும் யோசிக்காதேங்கோ எண்டு சொல்லி கிளினிக் கொப்பியில திகதி போட்டுத் தந்தவர். நான் வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்கேக்க அவர் சொன்னதை ஒவ்வொண்டா எண்ணிப் பாத்தன். நல்ல தண்ணி எண்டால் எங்கட ஆர்ஓ பிளாண்ட் (தண்ணியை வடிச்சுச் சுத்தமாக்கிற இடம்) 7 மாதமா பூட்டிக்கிடக்கு, மற்றப் பிளாண்டுக்கு 5 கிலோமீற்றர், மோட்டச்சைக்கிளில 2 கான்தான் கட்டலாம், பெற்றோல் காசும் சேத்தால் அது ஒரு நாள் மரக்கறிக் காசு. நித்திரை எண்டால் கச்சான் போட்டதில இருந்து இவர் இரவில காவல்கொட்டில்லதான், ஒரு நாள் கண்ணயர்ந்தாலும் யானை வந்து முழுக்க உழக்கிப்போட்டுப் போயிடும். யோசிக்காம இருக்கிறது எண்டால் ஒவ்வொரு வியாழனும் கிழமைக்கடன்காரர் வருவினம், புதன் இரவு எனக்கு நித்திரை இல்லை.

எங்கட கிணத்துத் தண்ணியைப் பற்றியும் சொல்லோணும். பாக்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், குடிக்கவும் சவர் எண்டு சொல்லேலாது, ஆனா கேத்திலுக்குள்ள 2 கிழமையில வெள்ளையா ஒரு படை பிடிச்சிடும், நான் கரண்டிக்காம்பால சுரண்டி எடுக்கிறனான், கோதுமாதிரிக் கழண்டு வரும். பருப்புப் போட்டா ஒரு மணித்தியாலம் எரிச்சாலும் கடிபடும், அதே பருப்பை மழைத்தண்ணியில அவிச்சா அரை மணித்தியாலத்தில கரைஞ்சிடும். அப்ப இந்தத் தண்ணி இவரின்ர உடம்புக்குள்ள என்ன செய்யும் எண்டு நினைக்க நெஞ்சு பதறுது. முதல் எதில கைவைக்கிறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

குளக்கட்டு எழுதினது:

தங்கச்சி, முதல் பயப்பிடாதேங்கோ. 1.6 எண்டது கவனிக்கவேண்டிய இடம்தான், ஆனா கெதியாப் பிடிச்சிட்டியள், அது பெரிய விசயம். இந்த வருத்தத்தில உள்ள கொடுமையே அதுதான், சிறுநீரகம் பெரும்பங்கு பழுதாகுமட்டும் ஒரு நோவும் காட்டாது, கால் வீங்கி மூச்சு இழுக்கேக்கதான் சனம் ஆஸ்பத்திரிக்கு ஓடுறது. என்ர அண்ணையை நாங்கள் அப்பிடித்தான் கொண்டுபோனனாங்கள், பிறகு கிழமைக்கு 2 தரம் ரத்தம் சுத்திகரிக்க பஸ் மாறிப் போய்வந்து, ஒண்டரை வருசம்தான் இருந்தவர்.

இது 1990களில பதவியா, மதவாச்சிப் பக்கம் கண்டுபிடிச்ச வருத்தம், பிறகு வவுனியா, முல்லைத்தீவு எண்டு எங்கட பக்கமும் காணத் தொடங்கினது. சீனியும் பிரசரும் இல்லாத கமக்காரருக்கு ஏன் வருது எண்டு இண்டைக்குவரைக்கும் ஒரு காரணத்தை அறுதியாச் சொல்லேல்லை. தண்ணியின்ர வன்தன்மை, புளோரைட், மருந்தடிக்கிற நஞ்சு, வெயிலில வேர்த்து உடம்பு வறள்றது எண்டு எல்லாத்தையும் சொல்லுகினம். கிளைபோசேற் எண்ட களைநாசினியை 2015இல தடைசெய்தவை, 2018இல தேயிலைக்கும் ரப்பருக்கும் விட்டவை, 2022இல தடையை முழுக்க எடுத்தவை. அதால ஒண்டை மட்டும் பிடிச்சு இதுதான் எண்டு நிக்காதேங்கோ.

ஒண்டு கேக்கிறன், உங்கட அவர் நோக்குளிசை போடுறவரோ? வயல் வேலைக்காரர் கடையில நாலஞ்சு வாங்கிப் பொக்கற்றில வைச்சுக்கொண்டு, நாரி நொந்தால் ஒண்டு, தலையிடிச்சால் ஒண்டு எண்டு போடுறவை. டைக்குளோபினாக் மாதிரிக் குளிசையள் பழுதாப்போன சிறுநீரகத்துக்கு நேர நஞ்சு. வெயிலில தண்ணி குடியாமல் வேலைசெய்துபோட்டு அதையும் போட்டால் இன்னும் மோசம். இதை இண்டைக்கே நிப்பாட்டலாம், இதுக்குக் காசு தேவையில்லை.

---

வெள்ளைச்சப்பாத்து எழுதினது:

நான் தாதியர் பயிற்சியில இருக்கிறன், சொந்த இடம் நெடுங்கேணி. அக்கா கேட்ட கேள்வி எங்களுக்குப் படிப்பிக்கிற விசயம். மாஸ்லோ எண்ட அமெரிக்க உளவியலாளர் 1943இல சொன்னவர், மனுசருக்கு முதல் தண்ணி, சாப்பாடு, நித்திரை, அதுக்குப் பிறகு பாதுகாப்பு, பிறகு அன்பு சொந்தபந்தம், பிறகு மதிப்பு, கடைசியாத் தன்ர திறமையை முழுக்க வெளிக்காட்டுறது எண்டு. அதைக் கூம்புப் படமாக் கீறித்தான் எங்களுக்குப் படிப்பிக்கிறவை. அந்த ஒழுங்கில பாத்தால் முதல் தண்ணி, பிறகுதான் மற்றதெல்லாம்.

மற்றது தண்ணியைக் கொதிக்கவைச்சால் கிருமிதான் சாகும், புளோரைட் போகாது, தண்ணி வத்த வத்த அது இன்னும் செறிவாகும். உலக சுகாதார நிறுவனம் சொல்லுற எல்லை ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். பிள்ளையளின்ர முன்பல்லில வெள்ளையா, கபிலமாக் கோடு விழுந்திருந்தால் அது தண்ணியில புளோரைட் கூட எண்டதுக்கு நல்ல அடையாளம், வகுப்பில ஒருக்கா எல்லாரையும் பல்லைக் காட்டச்சொல்லிப் பாத்தாலே விளங்கும். கிணத்துத் தண்ணியை எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசில பிஎச்ஐ எண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டக் கதைச்சுச் சோதிக்கக் குடுங்கோ அக்கா. ஆய்வுகூட றிப்போட் கையில இருந்தாத்தான் பிரதேச சபையிட்டயும் கேக்கலாம்.

---

பாலைமரத்தடி எழுதினது:

பிள்ளை, நீங்கள் படிச்சதை நான் பிழையெண்டு சொல்ல வரேல்லை, ஆனா நான் கண்டது வேற மாதிரி.

2009இல நாங்கள், சண்டையால இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த மெனிக்பாம் முகாமில இருந்தனாங்கள். ஒரு கூடாரத்துக்குள்ள 2 குடும்பம், தண்ணிக்கு வாளியையும் கானையும் வரிசையில வைச்சிட்டு விடிய 4 மணியில இருந்து காவல். இப்பிடியான அவசர காலத்தில ஆளுக்கு நாளுக்கு 15 லீற்றராவது வேணும் எண்டு ஒரு கணக்கு இருக்கு, எத்தினையோ நாள் எங்களுக்கு அது கிடைக்கேல்லை. உங்கட படத்தின்படி அந்த நேரம் நாங்கள் தண்ணியையும் சோத்தையும் மட்டும்தான் நினைச்சிருக்கோணும். ஆனா என்ர மனுசி தண்ணி வரிசையில நிண்டுகொண்டு விசாரிச்சதெல்லாம் மகனைப் பற்றித்தான். எந்தக் கூடாரத்தில எந்த ஊர்ச் சனம் இருக்கினம், ஆர் ஆரைக் கடைசியா எங்க கண்டவை எண்டுதான் சனம் முழுக்கக் கதைச்சது. அவ சோறு தின்னாததுக்குச் சோறு இல்லாததுமட்டும் காரணமில்லை, மகன்ர முகத்தைப் பாக்காமல் தொண்டைக்குள்ள இறங்கேல்லை.

ஊருக்குத் திரும்பி வந்தும் அப்பிடித்தான். தறப்பாள் கொட்டில்தான், வீடு இல்லை. முதல் செய்த வேலை கிணறு இறைச்சது, 20 பேர் சேந்து, ஆளுக்கு ஆள் வளவு வளவாப் போய். உள்ளுக்க கிடந்த தகரமும் சைக்கிள் பிறேமும் வெளிய எடுத்தது இப்பவும் கண்ணுக்கு முன்னால நிக்குது. இரண்டாவது செய்தது பிள்ளையாருக்கு ஒரு ஓலைப்பந்தல். மூண்டாவது பள்ளிக்கூடத்துக்கு வாங்கு. அதுக்குப் பிறகுதான் எங்கட வீடுகளுக்கு மலசலகூடம். இந்த ஒழுங்கை நல்லதெண்டோ கெட்டதெண்டோ நான் சொல்லேல்லை, சனம் அப்பிடித்தான் உயிர்வந்தது.

---

வெள்ளைச்சப்பாத்து எழுதினது:

ஐயா, வாசிச்சு அழுகை வந்திட்டுது. மகன் கிடைச்சவரோ எண்டு கேக்கப் பயமாயிருக்கு, நீங்கள் விரும்பினால் மட்டும் சொல்லுங்கோ.

நீங்கள் சொன்னது மாஸ்லோ எழுதினதுக்கு எதிரில்லை ஐயா. அந்தக் கூம்புப் படத்தை அவர் கீறேல்லை, பின்னால வந்தவை கீறினது. கீழ இருக்கிறது நூறுவீதம் நிரம்பினாப் பிறகுதான் மேல வரும் எண்டு அவர் சொல்லேல்லை, ஒழுங்கும் ஆளுக்கு ஆள் மாறும் எண்டுதான் சொன்னவர். எங்களுக்குப் படத்தைப் பாடமாக்கத்தான் நேரம் இருந்தது.

---

பாலைமரத்தடி எழுதினது:

இல்லைப் பிள்ளை, இன்னும் இல்லை.

---

கச்சான்கொட்டை எழுதினது:

பொம்பிளையளைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை, அதுதான் வந்தன். நான் விசுவமடுப் பக்கம், கூலிவேலைக்குப் போறனான், நாத்து நடுகை, களை பிடுங்கிறது, கச்சான் பிடுங்கிறது. தண்ணி குடியுங்கோ எண்டு லேசாச் சொல்லலாம், தண்ணி குடிச்சால் ஒண்டுக்குப் போகவேணும், எங்க போறது? சுத்திவர வெளி, ஆம்பிளையள் மருந்தடிச்சுக்கொண்டு நிப்பினம். அதால காலமை ஒரு பிளேன்ரீயோட வெளிக்கிட்டால் பின்னேரம் 3 மணிமட்டும் ஒரு மிடறுதான், மற்றவையும் அப்பிடித்தான். எனக்கு வருசத்துக்கு 2 தரம் சலக்கடுப்பு வரும், குளிருக்குச் சாக்குப் போட்டுக்கொண்டு கிடப்பன், இரண்டு நாள் கூலி போயிடும்.

மகள் பள்ளிக்கூடத்திலயும் தண்ணி குடிக்கிறேல்லை எண்டு போன மாதம்தான் எனக்குத் தெரியும். தண்ணிப்போத்தல் கொண்டுபோனது மாதிரியே திரும்பி வரும், நான் படிப்பில கவனமா இருந்து மறந்திட்டாளாக்கும் எண்டு நினைச்சன். கேட்டால் மலசலகூடத்துக் கதவுக்குக் கொண்டி இல்லையாம் அம்மா எண்டுறாள். ஒரு கொண்டிதான். மாதவிடாய் நாளில வீட்டிலயே நிண்டிடுவாள்.

---

சாளரம் எழுதினது:

நான் குடும்பநல உத்தியோகத்தரா (மிட்வைப்) வேலைசெய்யிறனான், எந்தப் பிரிவு எண்டு போடேலாது. கச்சான்கொட்டை அக்கா சொன்னதை ஒவ்வொரு கிளினிக்கிலும் பாக்கிறன்.

நாங்கள் பிள்ளையை நிறுக்கிறம், வளர்ச்சிப் பதிவில புள்ளி குத்துறம், கோடு கீழ போனால் தாய்க்குப் புத்தி சொல்லுறம். வீட்டுக்குப் போய்ப் பாத்தாத்தான் கதை வேற. கர்ப்பிணித் தாய்க்கு எண்டு குடுக்கிற திரிபோசாவை வீட்டில 3 பிள்ளையளும் மாமியாரும் பங்குபோட்டுச் சாப்பிடுகினம், நான் தாயைப் பேசேலாது, மற்றப் பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்க எந்தத் தாய் தான்மட்டும் உருண்டை பிடிச்சுச் சாப்பிடுவாள்? சோளமும் சோயாவும் பால்மாவும் சேந்த அந்த மா 1973இல இருந்து எங்கட நாட்டுத் தாய்மாரைத் தாங்கிவருது, 2022இல அது ஒழுங்கா வராமல் விட்ட மாதங்களில எடை எப்பிடி விழுந்தது எண்டு என்ர கையால நான் புள்ளி குத்தினனான்.

எங்கட குடும்பங்களில ஒரு பழக்கம் இருக்கு, சொன்னாக் கோவிக்கக்கூடாது. மீன் வாங்கினால் முதல் துண்டு வேலைக்குப் போற ஆம்பிளைக்கு, பிறகு பிள்ளையளுக்கு, தாய் கடைசியாச் சட்டியைச் சோறு போட்டுப் பிரட்டிச் சாப்பிடுறவ. ரத்தம் குறைஞ்ச தாய் நிறை குறைஞ்ச பிள்ளையைப் பெறுறா. இரும்புக்குளிசை நான் குடுப்பன், அதைத் தேத்தண்ணியோட குடிச்சால் சுவறாது எண்டும் சொல்லுவன், முருங்கையிலை, கீரை, தேசிக்காய் சேருங்கோ எண்டும் சொல்லுவன். ஆனா அந்தச் சட்டியில ஒரு துண்டு மீன் மிஞ்சவைக்கிறது என்ர குளிசையால ஏலாது, அது அந்த வீட்டுக்காரரின்ர கையில.

---

ஒன்ராரியோ_வன்னியான் எழுதினது:

நான் கனடாவில இருக்கிறன், பிறந்தது அக்கராயன். படலையடி அக்கா, எங்கட பழைய மாணவர் கொஞ்சப்பேரிட்டக் கேட்டுப் புது ஆர்ஓ பிளாண்ட் ஒண்டு போடக் காசு சேக்கலாம். எவ்வளவு முடியும் எண்டு ஆராவது சொல்லுங்கோ.

---

குளக்கட்டு எழுதினது:

தம்பி, உங்கட மனசுக்கு நன்றி, ஆனா ஒரு நிமிசம். இருக்கிற பிளாண்ட் ஏன் பூட்டிக்கிடக்கு எண்டு முதல் கேளுங்கோ. எங்கட கிராமத்திலயும் இப்பிடி ஒண்டு பூட்டுப்பட்டது, நான் கணக்குப் பாத்தன். 60 குடும்பம், குடும்பத்துக்கு 20 லீற்றர், லீற்றர் 3 ரூபா எண்டால் நாளுக்கு 3,600, மாதத்துக்கு 108,000 ரூபா. கரண்ட் பில், பாக்கிறவருக்குச் சம்பளம், சின்ன வடிகள் எல்லாம் போயும் மிஞ்சும். ஆனா மெம்பிரேன் (பிளாண்டில உப்பை வடிக்கிற சவ்வு) மாத்துறதுக்கெண்டு தனியா ஒரு சதமும் ஒதுக்கேல்லை, மிஞ்சினது மண்டபத்துக்குக் கதிரை வாங்கவும் திருவிழாவுக்கும் போயிட்டுது. ஒருத்தரும் களவெடுக்கேல்லை. தண்ணிக்காசு தண்ணிக்குத்தான் எண்டு எழுதிவைக்க ஒருத்தரும் இருக்கேல்லை, அவ்வளவுதான். வன்தண்ணியில மெம்பிரேன் கெதியா அடைபடும், அடைபட்ட அண்டைக்குக் கையில காசில்லை. புதுசு போட்டாலும் இதே கதைதான்.

மற்றது ஆர்ஓவில உள்ள இன்னொரு விசயம், உறிஞ்சிற தண்ணியில பெரிய பங்கு கழிவாப் போகும், அந்தக் கழிவுத்தண்ணியில உப்பும் புளோரைட்டும் இன்னும் கூட. அதைக் கிணத்தடியிலயே விட்டால் திரும்பக் கிணத்துக்குள்ளதான் இறங்கும்.

---

ஒன்ராரியோ_வன்னியான் எழுதினது:

விளங்குது அண்ணை. நாங்கள் எப்பவும் திறப்புவிழாப் படத்துக்குத்தான் காசு குடுத்திருக்கிறம் எண்டு இப்ப யோசிக்க மனம் கஸ்ரமாயிருக்கு. அப்ப மெம்பிரேனுக்கு மட்டும் நாங்கள் தாறம், தண்ணிக்காசுக்குத் தனிப் புத்தகம் திறக்கிறது எண்டு சங்கம் எழுதித்தரட்டும். அது சரியோ?

---

பீலி எழுதினது:

மழைத்தண்ணியை ஏன் எல்லாரும் மறந்திட்டியள்? பருப்பு மழைத்தண்ணியில அவியுது எண்டு அக்காவே எழுதியிருக்கிறா. ஒரு சதுர மீற்றர் கூரையில ஒரு மில்லிமீற்றர் மழை பெஞ்சால் ஒரு லீற்றர் தண்ணி. 50 சதுர மீற்றர் கூரை எண்டால் 100 மில்லிமீற்றர் மழைக்கு 5,000 லீற்றர். மாரியில அது சிலவேளை இரண்டே நாளில பெஞ்சு முடியும். 5 பேர் உள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளுக்கு 20 லீற்றர் எடுத்தால் 250 நாள், தை தொடங்கி புரட்டாதிமட்டும்.

பீலி வைச்சு முதல் மழையை வெளிய விடுங்கோ, அது கூரைத் தூசியையும் குருவி எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். தொட்டிக்கு மூடியும் நுளம்பு போகாத வலையும் கட்டாயம், இல்லாட்டி தண்ணிக்கெண்டு வைச்சது டெங்குக்குப் போயிடும். குடிக்கமுதல் கொதிக்கவையுங்கோ, இதில கிருமிதான் பிரச்சினை, அதுக்குக் கொதிக்கவைக்கிறது காணும். பழைய அஸ்பெஸ்டாஸ் கூரை எண்டால் வேண்டாம்.

---

துலா எழுதினது:

எல்லாரும் அரசாங்கத்தை விட்டிட்டுக் கதைக்கிறியள். குடும்பம் குடும்பமாப் பீலி வைச்சு, சங்கம் சங்கமா மெம்பிரேன் மாத்திறதெண்டால் வரி எதுக்கு? வன்னி எண்டாலே ஒரு காலத்தில மலேரியாக் காடு எண்டுதானே பேர், என்ர அம்மம்மா 2 பிள்ளையளை அதுக்குக் குடுத்தவ. 2012 ஐப்பசிக்குப் பிறகு இலங்கைக்குள்ள தொத்தின மலேரியா இல்லை, 2016 புரட்டாதியில உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அது ஆரோ ஒரு வீட்டுக்காரர் கவனமா இருந்து வந்ததில்லை. காய்ச்சல் எண்டு வந்த ஒவ்வொருத்தருக்கும் ரத்தம் பாத்து, வீட்டுக்கு வீடு மருந்தடிச்சு, வலை குடுத்து, சண்டை நடந்துகொண்டிருக்கேக்கயும் விடாமல் செய்த வேலை. சிறுநீரகத்துக்கும் அப்பிடி ஒவ்வொரு கிராமத்திலயும் வருசாவருசம் சோதிக்கோணும், கேக்கோணும், எழுதிக் குடுக்கோணும்.

---

சாளரம் எழுதினது:

துலா அண்ணை சொல்லுறது சரி. ஆனா அந்த நேரம் மருந்தடிக்க வந்தவனுக்குச் சனம் கதவு திறந்து, பானை சட்டியெல்லாம் முத்தத்துக்குக் கொண்டந்து வைச்சுக் குடுத்தவை. இப்ப சோதனை எண்டு மண்டபத்துக்குக் கூப்பிட்டால் பொம்பிளையள்தான் வருகினம். வரவேண்டிய ஆம்பிளையள் வயலில. பின்னேரம் 6 மணிக்கு வைச்சுப் பாத்தம், அண்டைக்கு வந்தவை.

படலையடி அக்கா, கிழமைக்கடனைப் பற்றி ஒருத்தரும் பதில் போடேல்லை. 2018இல வறட்சி பாதிச்ச மாவட்டங்களில பெண்களின்ர ஒரு லட்சத்துக்கு உள்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்தவை, அதுக்குப் பிறகு எடுத்தவை இப்ப திரும்ப அதே வரிசையில. எத்தினை கடன், எவ்வளவு வட்டி எண்டு ஒரு கொப்பியில எழுதுங்கோ, ஒண்டை அடைக்க இன்னொண்டு எடுக்கிறதை மட்டும் நிப்பாட்டுங்கோ. புதன் இரவு நித்திரை இல்லை எண்டு எழுதியிருக்கிறியள், அதையும் நான் ஒரு வருத்தமாத்தான் பாக்கிறன். மனசு தாங்கேலாமல் போனால் மனநல உதவிக்கான 1926 எண்ட தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். இல்லாட்டி உங்கட பிரிவு மிட்வைப்பிட்டச் சொல்லுங்கோ, நாங்கள் நிறுக்க மட்டும் வரேல்லை.

---

படலையடி எழுதினது (4 கிழமைக்குப் பிறகு):

எல்லாருக்கும் நன்றி, உடன எழுதேல்லை, மன்னியுங்கோ. குளக்கட்டு அண்ணை சொன்னது சரி, இவரின்ர சேட்டுப் பொக்கற்றைப் பாத்தன், வெள்ளித்தாளில 6 குளிசை. 8 வருசமாப் போடுறாராம், எனக்குத் தெரியாது. கொண்டுபோய் டொக்டரிட்டக் காட்டினம், அவர் கொப்பியில சிவப்பில எழுதி நிப்பாட்டினவர். இப்ப வயலுக்கு 2 லீற்றர் போத்தல் கொண்டுபோறார், வெயில் ஏறமுதல் 10 மணியோட வேலையை விட்டிட்டுப் பின்னேரம் போறார்.

கிணத்துத் தண்ணி றிப்போட் வந்திட்டுது, புளோரைட் 2.3. அந்தத் தாளைக் கூட்டத்தில மாதர்சங்கத் தலைவி சத்தமா வாசிச்சவ, அதுக்குப் பிறகுதான் ஆம்பிளையள் வாயைத் திறந்தவை. தண்ணிக்காசுக்குத் தனிப் புத்தகம் போடுறது எண்டு எழுதியாச்சு, 3 பேர் கையெழுத்து, அதில 2 பொம்பிளையள். காவலுக்கு 8 காணிக்காரர் சேந்து முறை வைச்சிருக்கினம், இவர் இப்ப கிழமைக்கு 5 இரவு வீட்டில படுக்கிறார். கடன் அப்பிடியேதான் இருக்கு, கொப்பியில எழுதினன், 3 இடத்தில 2 லட்சத்து 40 ஆயிரம். புதன் இரவு இன்னும் நித்திரை இல்லை, ஆனா தொகை தெரிஞ்சாப் பிறகு பழைய மாதிரிப் பதறேல்லை.

கச்சான்கொட்டை அக்கா, உங்கட மகளின்ர பள்ளிக்கூடத்துக் கொண்டி என்னாச்சு?

---

கச்சான்கொட்டை எழுதினது:

நானே 2 கொண்டி வாங்கிக்கொண்டு போனன் அக்கா, அதிபர் மேசனைக் கூப்பிட்டு அண்டைக்கே பூட்டுவிச்சவர். போத்தல் இப்ப வெறுமையா வருது.

பீலி அண்ணை, 5,000 லீற்றர் தொட்டிக்கு அடித்தளம் எவ்வளவு உயரம் போடோணும்? எங்கட மண் வெள்ளம் நிக்கிற மண்.